வணிகத்தைக் கல்லூரிக்கு அழைத்து வந்தவர்

மேல்நிலை வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்பதே இப்பொழுது எங்கள் வகுப்பில் ஓயாத பேச்சு. ஒருத்தி வணிகவியல் என்று சொன்னால், கடையில் உட்கார்ந்தாலே வந்துவிடும் வித்தைக்குக் கல்லூரிப் படிப்பு எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. 1881ஆம் ஆண்டுக்கு முன்பு அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாருமே அப்படித்தான் எண்ணினர். அவ்வெண்ணத்தை மாற்ற முன்வந்த செல்வர் ஜோசப் வார்ட்டன். வியப்பு என்னவென்றால், அவர் கல்லூரி வாசலை மாணவராக மிதித்ததே இல்லை.

1826ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் பிலடெல்பியா நகரில், வில்லியம் வார்ட்டன், டெபோரா பிஷர் வார்ட்டன் தம்பதியருக்குப் பத்துப் பிள்ளைகளுள் ஐந்தாமவராகப் பிறந்தார். குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். எளிய உடையும் அடக்கமான பேச்சும் போரை வெறுக்கும் உள்ளமும் அச்சபையாருக்குரிய அடையாளங்கள். வழிபாட்டில் பெண்களும் எழுந்து பேசலாம் என்பது அவர்கள் வழக்கம். டெபோரா அம்மையார் அவ்வாறு பேசிப் பெயர் பெற்றவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பதினாறு வயதில் ஜோசப் ஒரு பண்ணைக்கு அனுப்பப்பட்டார். மூன்றாண்டுகள் உழவு வேலை கற்றார். குளிர்காலங்களில் மட்டும் நகருக்கு வந்து வேதியியல் பயின்றார். பத்தொன்பதாம் வயதில் ஒரு வணிக நிலையத்தில் கணக்குப் பழகச் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் பேரேடுகளோடு வாழ்ந்தார். வரவு எது, செலவு எது, ஆண்டு முடிவில் இலாபம் எவ்வளவு என்று பார்க்க அங்கே பழகிக்கொண்டார். அந்நாளில் வணிகம் கற்க இதுவே வழி. ஏட்டில் எழுதக் கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் வங்கிகள் ஏன் சில ஆண்டுகளில் வரிசையாக மூடப்படுகின்றன, பங்கு என்றால் என்ன, கடன் பத்திரம் என்றால் என்ன, அரசாங்கம் வரி விதிப்பது ஏன் என்றெல்லாம் விளக்குவதற்கு அங்கே யாருக்கு நேரம்?

பிறகு அண்ணனோடு சேர்ந்து வெள்ளை ஈயம் விற்றார். செங்கல் தொழிலிலும் இறங்கினார். இவற்றைவிட முக்கியமானது துத்தநாகம். 1853இல் பென்சில்வேனியாவின் பெத்லகேம் ஊரில் துத்தநாகத் தொழிலில் சேர்ந்து, விரைவில் அதன் மேலாளரானார். 1857இல் அமெரிக்காவில் பெரும் பண நெருக்கடி ஏற்பட்டு, வங்கிகள் பல கதவடைத்தன. தொழிற்சாலைகள் படுத்துவிட்ட அக்காலத்திலும் வார்ட்டன் தம் ஆலையை ஓடச் செய்தார். கணக்குப் புத்தகத்தில் படித்திராத பாடத்தை அந்த ஆண்டு அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து நிக்கல். நியூ ஜெர்சியின் கேம்டன் ஊரில் ஆலை அமைத்தார். 1866இல் அமெரிக்க அரசு வெளியிட்ட ஐந்து சென்ட் நாணயத்தில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். அந்த நிக்கலுக்காக அரசிடம் வாதாடியவரும் வார்ட்டன். அதைப் பெருமளவில் விற்றவரும் வார்ட்டன்! வெளிநாட்டு உலோகத்துக்கு இறக்குமதி வரி வேண்டும் என்று ஓயாமல் வற்புறுத்தியதிலும் நாட்டுப் பற்று பாதி, சொந்த நலம் பாதி எனலாம். பெத்லகேம் இரும்பாலையிலும் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. அந்த ஆலை 1887 முதல் போர்க் கப்பல்களுக்குக் கவசத் தகடுகள் செய்ய ஒப்பந்தம் பெற்றது. போரை வெறுக்கும் சபையில் பிறந்தவர் இதை எப்படி ஏற்றுக்கொண்டார் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆனால் பணத்தோடு மட்டும் வாழ்ந்த மனிதரல்லர். 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்தது அல்லவா? சில மாதங்கள் கழித்துப் பிலடெல்பியாவில் பெய்த பனியை அள்ளி உருக்கி, அடியில் தங்கிய தூளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் எரிமலைக் கண்ணாடித் துகள்களைக் கண்டார். பாதி உலகம் தாண்டி வந்த தூசி!

இனி நம் கதையின் மையத்துக்கு வருவோம். கையெழுத்தும் கணக்கும் மட்டும் சொல்லித்தரும் தனியார் வணிகப் பள்ளிகள் அந்நாளில் பல இருந்தன. வார்ட்டனுக்கு அவை போதவில்லை. 1881இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு 1,00,000 டாலர் வழங்கி, நிதிக்கும் பொருளியலுக்கும் ஒரு பள்ளி அமைக்கச் சொன்னார். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் அமைந்து நிலைத்து நின்ற முதல் வணிகப் பள்ளி அதுவே. பணத்தைக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கிவிடவில்லை. என்னென்ன பாடங்கள் நடத்த வேண்டும் என்று தாமே விரிவாக எழுதிக் கொடுத்தார். கணக்கியல், வணிகச் சட்டம், வரி, தொழிலும் போக்குவரத்தும், பணமும் செலாவணியும் ஆகியவை அவற்றுள் அடங்கும். காகிதப் பணத்தை அளவின்றி அச்சிட்டால் என்ன கேடு வரும், பண நெருக்கடி எப்படித் தோன்றுகிறது, பங்குச் சூதாட்டம் என்பது யாது என்றெல்லாம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

அவர் சேர்த்த வேறு சில நிபந்தனைகள்தாம் என்னைக் கவர்ந்தன. பிறருக்கு ஏதேனும் ஒரு சேவை செய்து அதன் பயனாய்ப் பொருள் ஈட்ட வேண்டுமே தவிர, மற்றவன் தோற்பதால் வரும் பணத்தை நாடுவது தீது என்று கற்பிக்க வேண்டும். மோசடி செய்தவரையும் பொதுப் பணத்தைத் திருடியவரையும் சட்டம் தண்டிப்பதோடு சமூகமும் விலக்கி வைக்க வேண்டும் என்றும் கற்பிக்க வேண்டும். இறக்குமதி வரியின் நன்மையைக் கற்பிக்கவும் அவர் மறக்கவில்லை! நிக்கல் வியாபாரி அங்கேயும் எட்டிப் பார்க்கிறார்.

1884இல் பட்டம் பெற்றவர்கள் ஐந்தே பேர். அவர்களுள் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த ஷிபா ஷிரோ என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் அந்த நிபந்தனைப் பத்திரத்தில் வார்ட்டன் குறிப்பிட்டவர்கள் எல்லாரும் இளைஞர்களே. வசதியான குடும்பத்து ஆண்பிள்ளைகள் பரம்பரைச் சொத்தை வீணாக்காமல் ஆளத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் கருத்து. இத்தனைக்கும் அவருக்கு ஆண்பிள்ளையே இல்லை. ஜோவன்னா, மேரி, அன்னா என்று மூன்று பெண்கள்! அவர் தாயார் குவேக்கர் நண்பர்களோடு சேர்ந்து நிறுவப் பாடுபட்ட ஸ்வார்த்மோர் கல்லூரி 1869இல் திறக்கப்பட்ட நாள் முதல் ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் படித்த இடம். வார்ட்டனும் அதைத் தொடங்கியவர்களுள் ஒருவர். பல ஆண்டுகள் அதன் நிருவாகக் குழுத் தலைவராகவும் இருந்தார். பெண்கள் படிக்கக் கூடாது என்று நினைத்தவரல்லர் அவர். ஆயினும் பணத்தை ஆளும் படிப்பு என்று வந்தபோது பெண்கள் அவர் நினைவுக்கு வரவில்லை. தாயார் வழிபாட்டில் எழுந்து பேசியதைக் கேட்டு வளர்ந்தவர் இதை எப்படி மறந்தார் என்று எண்ணி எண்ணிப் பார்க்கிறேன்.

1901இல் இரும்பாலையை விற்றார். 1909 சனவரி 11ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயதில் இயற்கை எய்தினார். நியூ ஜெர்சியில் அவர் வாங்கிக் குவித்திருந்த பரந்த பைன் காடு பின்னர் மாநில அரசின் வசமாகி, இன்று வார்ட்டன் காடு என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

அவர் பள்ளியின் இளங்கலை வகுப்புகள் பெண்களுக்கு முழுமையாகத் திறக்கப்பட்டது 1954ஆம் ஆண்டில். அப்பொழுது பள்ளிக்கு வயது எழுபத்து மூன்று.