கேள்வி கேட்ட அம்மையார்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரைக் கேள்விப்படாத கிராமம் இன்று தமிழ்நாட்டில் இராது. ஆனால் அது ஒரு மனிதருடைய பெயர் என்பதை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது ஐயமே. எங்கள் ஜெயமங்கலத்தில் கருவுற்ற பெண் ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துவிட்டு வந்தால், முத்துலட்சுமி பணத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்றா என்றுதான் தெருவில் முதலில் கேட்பார்கள். 1987ஆம் ஆண்டில் 300 ரூபாயாகத் தொடங்கிய அந்த மகப்பேறு நிதியுதவி, 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் சத்துணவுப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. பணத்தின் பெயர் தெரிந்த அளவுக்குப் பெயருக்கு உரியவரைத் தெரியவில்லையே என்ற குறையினால்தான், விலங்கியல் படிக்கும் நான் இந்த வாழ்க்கை வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், அங்குள்ள மன்னர் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அந்த மணத்தினால் தந்தையைச் சொந்தச் சாதியார் ஒதுக்கி வைத்தனர். இரண்டு பக்கத்திலும் முழுமையாகச் சேராத ஒரு குடும்பத்தில் வளர்ந்த பெண், ஊரார் எதை எண்ணுவார்கள் என்பதைப் பற்றிச் சிறு வயதிலேயே கவலையை விட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, ஒரு பெண் வந்து அமர்ந்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று சிலர் மிரட்டினர். அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்ததனால் கல்லூரிக் கதவு திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பதக்கங்களோடு வெளியே வந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற உறுதியைப் பெற்ற பின்னரே திருமணத்துக்கு இசைந்தார். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய திருமணப் பேச்சு இது! வரன் பார்க்கும் பருவத்தில் இருக்கும் என் வகுப்புத் தோழியர் இதைச் சற்றுக் கவனித்துப் படிப்பார்களாக.

இனி அவர் சட்டசபைக்குச் சென்ற கதைக்கு வருகிறேன். இக்கட்டுரையின் உயிர்நாடி அதுதான்.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி, போலீசும் நிதியும் போன்ற துறைகளை ஆங்கில அரசு தன் கையில் வைத்துக்கொண்டு, கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி முதலியவற்றைச் சட்டசபைக்குப் பொறுப்பான இந்திய அமைச்சர்களிடம் விட்டிருந்தது. அதாவது, பள்ளிக்கூடம், மருத்துவமனை, அனாதை விடுதி ஆகியவை எப்படி நடக்கின்றன என்று அமைச்சரை எழுப்பிக் கேட்கும் உரிமை உறுப்பினர்களுக்கு இருந்தது. உரிமை இருந்தது, ஆனால் கேட்பதற்குப் பெண் ஒருத்தியும் இல்லை. 1926இல்தான் பெண்களும் உறுப்பினராகலாம் என்று ஆயிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா சொற்ப வாக்குகளில் தோற்றார். பின்னர் இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் முத்துலட்சுமி அம்மையார் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்றார். நோயாளிகளை விட்டுப் போக அவருக்குத் தயக்கம் இருந்தது. ஆயினும் சென்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குச் சென்ற முதல் பெண் அவரே. 1927இல் அச்சபை அவரையே ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

அங்கே அவர் என்ன செய்தார்? தாம் மருத்துவர் என்பதை மறக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றார். ஏழைப் பெண்களின் படிப்புக்கு உதவி கேட்டார். பெண்ணின் திருமண வயதை 16 ஆகவும் ஆணின் வயதை 21 ஆகவும் உயர்த்த வேண்டுமென வாதாடினார். 1929இல் வந்த சாரதா சட்டம் 14, 18 என்ற அளவில்தான் நின்றது. விலைமாதர் விடுதிகளை ஒழிக்க 1930இல் நிறைவேறிய சட்டத்திலும் அவருடைய உழைப்பு உண்டு. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது போலவே அரசாங்கத்தின் நாடியையும் பிடித்துப் பார்த்தார் என்றால் மிகையாகாது.

இன்றும் நம் சட்டமன்றத்தில் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு என்று பல குழுக்கள் உள்ளன. அமைச்சர்கள் அவையில் அளித்த வாக்குறுதி நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என ஒன்றும் உண்டு. இவை மாவட்டம் மாவட்டமாகச் சென்று மருத்துவமனைகளையும் விடுதிகளையும் பார்வையிடுகின்றன. நான் பள்ளிப் பருவத்தில் தங்கியிருந்த விடுதிக்கு மேலிடத்திலிருந்து ஏதோ ஒரு குழு வருகிறது என்றால், இரண்டு நாள் முன்பே பிளீச்சிங் பவுடர் வாடை வந்துவிடும். அன்று மட்டும் சாம்பாரில் முருங்கைக்காய் மிதக்கும். வந்தவர்கள் அண்டாவைப் பார்த்தார்களே தவிர, எங்களில் ஒருவரையும் தனியே அழைத்துக் கேட்கவில்லை. பார்வையிடுவது வேறு, கேட்பது வேறு. அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தபோது இந்த வேறுபாடுதான் எனக்குப் பளிச்சென்று விளங்கிற்று.

தேவதாசி முறை ஒழிப்பை எடுத்துக்கொள்வோம். 1927இல் அம்மையார் இதுபற்றித் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த முறை எப்படி நிலைத்திருக்கிறது என்று ஆராய்ந்தவருக்கு ஒன்று தெரிந்தது. கோயில் பணிக்காகத் தாசிகளுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. பணி செய்தால்தான் நிலம். தாய்க்குப் பின் மகளைப் பொட்டுக் கட்டினால்தான் நிலம் குடும்பத்தில் நிற்கும். ஆகவே ஒரு தாய் மகளைக் காப்பாற்ற நினைத்தால் சோற்றை இழக்க வேண்டும், சோற்றைக் காப்பாற்ற நினைத்தால் மகளை இழக்க வேண்டும். வயலை நம்பியே வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்த இக்கட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1929இல் அம்மையாரின் முயற்சியால் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. கோயில் பணியிலிருந்து நிலம் விடுவிக்கப்பட்டது. பணி செய்யாவிட்டாலும் நிலம் அப்பெண்களுக்கே என்றாயிற்று. எல்லோரும் புகழ்வது பின்னாளில் வந்த ஒழிப்புச் சட்டத்தை. நானோ ஆரவாரம் இல்லாத இந்த நிலத் திருத்தத்தையே பெரிதாக எண்ணுகிறேன்.

எதிர்ப்புக்கும் குறைவில்லை. சத்தியமூர்த்தி போன்ற பெருந்தலைவர்களே மரபைக் காட்டி எதிர்த்தனர். பெரியார் ஆதரித்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று உழைத்தார். தேவதாசிப் பெண்களிலேயே ஒரு சாரார் சங்கமாகச் சேர்ந்து அரசுக்கு மனுக் கொடுத்தனர். திருவையாற்றில் தியாகராசருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். எங்கள் கலையும் சொத்துரிமையும் என்னாவது என்பது அவர்கள் கேள்வி. அது வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இசையும் நடனமும் அவர்களிடமே வாழ்ந்தன. அந்தக் கலை பின்பு மேடையேறிப் புகழ் பெற்றபோது, அதைக் காத்தவர்களில் பலர் மேடைக்குக் கீழேயே நின்றுவிட்டனர். பொட்டுக் கட்டப்படும் சிறுமிக்கு அந்தத் தீர்மானத்தில் குரல் உண்டா என்பது அம்மையாரின் கேள்வி. இரண்டு கேள்வியும் நியாயமானவை. ஆனால் சிறுமியின் பக்கம் பேச அந்தச் சபையில் வேறு யார் இருந்தார்கள்?

1930இல் பொட்டுக் கட்டுதலைத் தடுக்கும் மசோதாவை அம்மையார் கொண்டுவந்தார். அவ்வாண்டே காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதானார். அதைக் கண்டித்து அம்மையார் பதவியை உதறினார். மசோதா கிடப்பில் விழுந்தது. 1947இல்தான் அது சட்டமாயிற்று. பதினேழு ஆண்டுகள்! இடையில் பிறந்த பெண் குழந்தைகள் எத்தனையோ! நாட்டுக்காகப் பதவி துறந்தது உயர்வு என்றே கொள்வோம். ஆயினும் அவர் அங்கேயே இருந்து போராடியிருந்தால் அந்தச் சட்டம் இன்னும் விரைவில் வந்திருக்குமோ என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பொட்டுக் கட்டுவதிலிருந்து தப்பிய இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி விடுதிகளில் கேட்டார். பிறப்பைக் காரணம் காட்டி மறுத்தார்கள். சபையில் தீர்மானம் நிறைவேற்றிவிடலாம், அன்றிரவு அந்தப் பெண் எங்கே படுப்பாள் என்பதற்குத் தீர்மானத்தில் விடை இல்லை. தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். இப்படித்தான் அவ்வை இல்லம் பிறந்தது. அடையாறில் நிலைபெற்ற அந்த இல்லம் சாதி கேட்காமல் பெண் பிள்ளைகளை ஏற்றது, படிக்க வைத்தது, ஆசிரியைகளாக்கியது.

அரசை மேற்பார்த்தவருக்கே பின்னாளில் அரசின் சார்பாக மேற்பார்க்கும் பொறுப்பும் வந்தது. 1954இல் சென்னை மாநிலச் சமூக நல ஆலோசனை வாரியத்தின் முதல் தலைவராக அமர்ந்தார். ஆதரவற்றோர் இல்லங்களுக்கு மானியம் போவதை மேற்பார்க்கும் வேலையை, ஓர் இல்லத்தைத் தாமே நடத்தி அரிசிக் கணக்குப் பார்த்த ஒருவரிடம் ஒப்படைத்தது பொருத்தமே. 1956இல் பத்மபூஷண் விருது கிடைத்தது.

கடைசியாகப் புற்றுநோய் மருத்துவமனை. 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மடிந்தார். மருத்துவராயிருந்தும் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருப்பதைத் தவிர வழியில்லை. 1935இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் இந்நோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டுமென்ற எண்ணத்தை வெளியிட்டார். அது கைகூடப் பல ஆண்டுகள் சென்றன. சிலர் உதவினர், பலர் கைவிரித்தனர். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு சிறிய அளவில் மருத்துவமனை தொடங்கிற்று. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். எங்கள் தேனிப் பக்கத்திலிருந்தும் இரயிலேறி அடையாறுக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே போய் வந்தவர்கள் டாக்டர் சாந்தா பெயரைச் சொல்வார்கள்.

1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், 82ஆம் பிறந்த நாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில், அம்மையார் மறைந்தார். அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் அடையாறில் இன்றும் நடந்து வருகின்றன.