வேதநாயகர் வார்த்த கஞ்சி

மழை பொய்த்தது, வயல்கள் வெடித்தன, களஞ்சியங்கள் வெறுமையாயின. 1876-ஆம் ஆண்டு முதல் 1878-ஆம் ஆண்டு வரை தென்னாட்டை வருத்திய அக்கொடுமையைத் தாது வருடப் பஞ்சம் என்பர். இலட்சக்கணக்கான மக்கள் பசிக்கு இரையாயினர்.

அந்நாளில் மாயூரத்தில் வாழ்ந்தவர் வேதநாயகம் பிள்ளை. அவர் 1826-ஆம் ஆண்டு, திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், கத்தோலிக்கக் குடியில் பிறந்தார். தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக இருந்து நடுவுநிலை தவறாது நீதி வழங்கினார். 1872-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார்.

பஞ்சம் வந்தபோது அவர் பதவியில் இல்லை. அத்தகைய காலத்தில் கைப்பொருளைக் காத்துக்கொள்வதே அறிவுடைமை என்று உலகோர் கருதுவர். அவரோ தம் பொருளை ஏழைகளுக்கு வாரி வழங்கினார். பஞ்சம் நீங்க இறைவனை வேண்டிக் கீர்த்தனைகள் பாடினார். பாட்டோடு நில்லாது, கஞ்சித் தொட்டிகள் அமைத்து, சாதி சமயம் வினவாமல் வந்தோர்க்கெல்லாம் கஞ்சி வார்க்கச் செய்தார். பசித்த எளியவனுக்கு ஊட்டுதல் தமக்கே ஊட்டுதலாகும் என்பது இயேசு பெருமான் உணர்த்திய நெறி. அந்நெறியில் நிற்பார்க்கு அடுப்பங்கரையும் ஆலயமே. அகப்பைக் கஞ்சியும் அருச்சனையே.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் சிவபத்தர். அவரே இக்கொடைத்திறம் கண்டு நெஞ்சுருகி, கிறித்தவராகிய வேதநாயகரைக் கீர்த்தனையில் போற்றினார்.

1879-ஆம் ஆண்டில் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டுத் தமிழில் நாவலுக்கு வழிவகுத்த அப்பெரியார், 1889-ஆம் ஆண்டில் மறைந்தார். நூலால் அவர் பெற்ற புகழ் பெரிது. பசித்தோர் வயிறு குளிரப் பெற்ற புகழோ அதனினும் பெரிது.