கோவை ஜி. டி. நாயுடு

கொங்கு நாட்டிலே, கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23 ஆம் நாள், கோபாலசாமி நாயுடு என்னும் உழவர்க்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. துரைசாமி எனப் பெயரிட்டனர். பள்ளிப் படிப்பு அச்சிறுவர்க்குச் சிறிதும் ஒட்டவில்லை. தொடக்க வகுப்புக்களோடே அதனைக் கைவிட்டார். பின்னாளில் எஞ்சினீயரிங் கல்லூரியொன்றின் முதல்வராய் அமர்ந்தவர் இவரே என்றால் நம் நண்பருட் சிலர் நகைப்பர். ஆயினும் அஃது உண்மை.

இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை இவர் காண நேர்ந்தது. கண்டு வியந்தவர் பலராக, அதன் வயிற்றினுள் யாதுளது என அறிய விழைந்தார் நாயுடு. கையிற் பொருளில்லை. கோவைக்குச் சென்று ஓட்டலொன்றில் உண்போர்க்குப் பரிமாறும் பணி ஏற்று, ஏறத்தாழ மூன்றாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்துத் தாம் விரும்பிய மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பரப்பி, மீண்டும் பூட்டினார். இதனையே அவர் பயின்ற கல்லூரி எனலாம்.

அந்நாளில் எஞ்சினுக்கு நோய் உற்றால் அதனை எடுத்துச் சொல்லும் கருவி வண்டியில் இல்லை. செவியும் கண்ணும் மூக்குமே கருவிகள். கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி. நீலம் பாய்ந்த புகையாயின் எண்ணெய் எரிகின்றது. அடர்ந்த வெண்புகை ஓயாது வந்தால் சிலிண்டருக்குள் நீர் புகுந்தது. மலையிற் புகை கண்டு தீயுண்டெனத் துணிதலை அனுமானத்திற்கு எடுத்துக்காட்டாகத் தருக்க நூலார் கூறுவர். வேதாந்தக் கல்விக்குப் பேர்பெற்ற மடமுடைய எம் கோவிலூரில் அவ்வெடுத்துக்காட்டை அறியாதார் அரியர். மெக்கானிக்கின் தருக்கமும் அதுவே போலும்.

1920 ஆம் ஆண்டில் நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஒன்றை ஓட்டத் தொடங்கினார், தாமே ஓட்டினார். (எம் செட்டிநாட்டிற்கு அணித்தாகிய புதுக்கோட்டைக்கும் தஞ்சைக்கும் இடையே 1912 இலேயே டி. வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து விட்டிருந்தார்.) அவ்வொரு வண்டி பெருகி யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு. எம். எஸ்., என்னும் பெரு நிறுவனமாயிற்று. 1937 இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடி இந்நாட்டின் முதல் மின்சார மோட்டாரை உருவாக்கிய புகழும் இவர்க்கு உண்டு. முகம் மழிக்கும் மின் கருவி முதலாக இவர் செய்த பிற பொருள்களை விரிப்பிற் பெருகும்.

இன்று எஞ்சினின் செவியும் மூக்கும் எஞ்சினுள்ளேயே அமைந்துள்ளன. சென்சார் என்னும் உணரிகளே அவை. நாக் சென்சார் என்பது எஞ்சினின் உடலில் பொருந்தி, சிலிண்டருள் எழும் தட்டொலியின் அதிர்வை மின்குறியாக மாற்றும். புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார், எரிந்தபின் எஞ்சிய ஆக்ஸிஜன் மிகுந்தால் 0.1 வோல்ட்டு அளவும், குறைந்தால் 0.9 வோல்ட்டு அளவும் காட்டும். கிராங்க் சென்சார் சுழலும் சக்கரத்தின் பற்களை எண்ணும். இவற்றையெல்லாம் கேட்டு, பெட்ரோலையும் தீப்பொறியையும் அளந்து விடுவது ஈ. சி. யு. என்னும் கம்ப்யூட்டர். பிழை கண்டால் அது செக் எஞ்சின் விளக்கை ஏற்றி, ஒரு குறியெண்ணை நினைவில் வைக்கும். ஸ்கேனரைச் செருகினால் அவ்வெண் வெளிப்படும். பி0300 எனின் சிலிண்டர்கள் ஒழுங்கின்றி மிஸ்ஃபயர் ஆகின்றன. பி0171 எனின் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. பி0171 என்பது அடையாளமேயன்றிக் காரணமன்று. காற்றுக் குழாயில் வெடிப்பிருக்கலாம். பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம். காற்றளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம். எண்ணைக் கண்டவுடன் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடின் உடையவன் பொருள் வீணாகும். விளக்கும் மீண்டும் எரியும். காரைக்குடிப் பக்கத்துப் பட்டறைகளிற் பயிலப் புகும் எம் ஊர் இளைஞர் ஸ்கேனரை மட்டும் கற்று எஞ்சினைக் கழற்றிக் காணாராயின், அவர் பிழைப்பு என்னாம் என்று யாம் அஞ்சுகின்றோம்.

நாயுடுவும் இதனையே ஒருவாறு எண்ணினார் என்பது எம் கருத்து. 1945 இல், பெரும்பாலும் இவர் முயற்சியாலும் கொடையாலும், கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் ஒரு பாலிடெக்னிக்கும் எஞ்சினீயரிங் கல்லூரியும் தோன்றின. முதல்வராய் அமர்ந்த இவர், நான்காண்டுக் கல்வி காலத்தை வீணாக்குவதென்றும் இரண்டாண்டே சாலுமென்றும் வாதித்தார். அரசாங்கம் இசையவில்லை, பதவியைத் துறந்தார். மூன்றாண்டுப் படிப்பில் அமர்ந்திருக்கும் எமக்கு இரண்டாண்டு குறைவாகவே தோன்றுகின்றது. எனினும் பதவியினும் கொள்கையைப் பெரிதெனக் கொண்டமை வியக்கத்தக்கதே. அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாய் விளங்குகின்றது.

1952 இல் இருவர் அமரத்தக்க பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலைக்குத் தர முனைந்தார். உரிமம் கிட்டவில்லை, அம்முயற்சி அதனோடு நின்றது. 1974 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4 ஆம் நாள் அவர் மறைந்தார். அமெரிக்க நாட்டிற் புதிய கார்களுக்கெல்லாம் ஒரே வகைக் குறியெண் முறை கட்டாயமானது அதற்குப் பின் இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 1996 இலேதான்.