எல்லை காத்த சுல்தான் கியாஸுத்தீன் பல்பன்

ஹிஜ்ரி 656, அதாவது 1258-ஆம் ஆண்டில், ஹுலாகுவின் தாத்தாரியப் படை பக்தாதை அழித்து அப்பாஸிய கலீஃபாவைக் கொன்ற வரலாறு நாம் அறிந்ததே. தாத்தாரியர் எனப்படும் இந்த மங்கோலியர் சிந்து நதியைக் கடந்து இந்திய மண்ணையும் பலமுறை தாக்கினர். அவர்களைத் தில்லியை நெருங்கவிடாது தடுத்தவர்களுள் முதன்மையானவர் சுல்தான் கியாஸுத்தீன் பல்பன் ஆவார்.

துருக்கியரின் இல்பாரி குலத்தில் பிறந்த அன்னார், இளமையில் அதே மங்கோலியரிடம் சிறைப்பட்டு, பக்தாதில் அடிமையாக விற்கப்பட்டார். பஸராவின் குவாஜா ஜமாலுத்தீன் அவரை வாங்கித் தில்லிக்குக் கொணர்ந்தார். சுல்தான் இல்துத்மிஷ் அவரை விலைக்குப் பெற்று, தமது அணுக்கப் பணியில் அமர்த்தினார். அறிவாலும் உழைப்பாலும் உயர்ந்த பல்பன், 1249-இல் சுல்தான் நாஸிருத்தீன் மஹ்மூதின் நாயிப் ஆனார்; 1266-இல் தாமே அரியணை ஏறினார்.

1241-இல் மங்கோலியர் லாகூரைச் சூறையாடிச் சென்றிருந்தனர். 1245-இல் உச் கோட்டையை அவர்கள் முற்றுகையிட்டபோது, அதனை மீட்கச் சென்ற படையை ஊக்கி முன்னின்றவர் பல்பனே. அரசரானதும் லாகூர்க் கோட்டையைப் புதுப்பித்து, பாழடைந்த ஊரில் மக்களை மீண்டும் குடியேற்றினார். மூத்த மகன் முஹம்மதை முல்தானிலும், இளைய மகன் புக்ரா கானைச் சமானாவிலும் நிறுத்தினார். பகைவர் வந்தால் இவ்விரு படைகளும் தில்லிப் படையும் ஒன்றுசேரும். மூன்றும் சேர்ந்தும் பதினேழு, பதினெட்டாயிரம் குதிரை வீரர்களே. ஆயினும் அந்த ஏற்பாடு பல ஆண்டுகள் எல்லையைக் காத்தது.

குஜராத்தையும் மாளவத்தையும் வெல்லலாம் என அமீர்கள் ஆலோசனை கூறியபோது, பகைவர் வாசலில் நிற்கையில் தலைநகரை விட்டுத் தொலைவு செல்லலாகாது என அவர் மறுத்துவிட்டார். குளிர்காலத்தில் வேட்டை என்னும் பெயரால் படையை நெடுந்தொலைவு நடத்திப் பயிற்சியளித்தார். மங்கோலியருக்கு அஞ்சி மத்திய ஆசியாவிலிருந்து வந்த அரச குடும்பத்தாருக்குத் தில்லியில் புகலிடமும் தந்தார்.

முதிய படைவீரர்களின் நிலமானியங்களைத் திரும்பப் பெற அவர் ஆணையிட்டதுண்டு. கொத்தவால் ஃபக்ருத்தீன் அம்முதியோருக்காகக் கண்ணீருடன் பரிந்து பேசியதும் அவ்வாணையை விலக்கிக்கொண்டார். ஆனால் வங்காளத்தில் துக்ரிலின் கலகத்தை ஒடுக்கியபோது, லக்னௌதியின் கடைவீதி நெடுகத் தூக்குமரங்களை நாட்டினார். அவரது நீதியைப் போற்றுகின்ற நாம் இக்கொடுமையை மறைத்தல் முறையன்று.

இளவரசர் முஹம்மது கல்விமான்களை நேசித்தவர். அமீர் குஸ்ரூவை ஆதரித்தவர். ஷீராஸின் சஅதீயை முல்தானுக்கு அழைத்தவர். ஹிஜ்ரி 683-இன் இறுதியில் (1285) மங்கோலியருடன் நடந்த போரில் அவர் ஷஹீதானார். அமீர் குஸ்ரூவும் அப்போரில் சிறைப்பட்டுப் பின்னர் தப்பினார். முதுமையின் எல்லையில் நின்ற சுல்தான், பகலில் வழக்கம்போல் அரசவை நடத்தி, இரவில் மகனை நினைத்து அழுதார். அத்துயரிலேயே 1287-இல் மறைந்தார். அவரது கல்லறை தில்லியின் மெஹ்ரௌலியில் இன்றும் உள்ளது.

மூத்த மகன் மறைந்தபின் புக்ரா கான் தில்லியில் தங்க விரும்பாது வங்காளம் சென்றார். பேரன் கைகுபாத் கேளிக்கையில் மூழ்கினார்; 1290-இல் அக்குடும்பத்தின் ஆட்சி முடிந்தது. எல்லைக்கு அரண் அமைத்தவருக்கு, தம் பணியைத் தொடரத் தக்க வாரிசு எஞ்சவில்லை. கோட்டையைக் கட்டுவது போன்றே, அதைக் காக்கும் தலைமுறையை உருவாக்குவதும் கடமை என்பதை அன்னாரின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.