அம்பேத்கர் குடியிருந்த லண்டன் வீடு

லண்டனில் பிரிம்ரோஸ் ஹில் அருகே, கிங் ஹென்றி சாலையில் 10ஆம் எண் வீடு. 1921-22இல் அண்ணல் அம்பேத்கர் மாணவராகத் தங்கிய இடம். மகாராஷ்டிர அரசு இதை வாங்கிப் புதுப்பித்து, 2015 நவம்பரில் நினைவகமாகத் திறந்தது. போகிறவர்கள் அவருடைய படங்களையும், அக்காலத்து அறைபோல் அமைத்த படுக்கையையும் புத்தகங்களையும் பார்க்கலாம்.

அந்தப் படுக்கையின் அருமை தெரிய வேண்டுமானால் 1917க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர், பரோடா மன்னர் அரசில் வேலைக்குச் சேர்ந்தார். ஊரில் தங்க இடம் தருவாரில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, அன்று மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. நண்பர்கள் இருவரிடம் கேட்டார், அவர்களும் கைவிரித்தார்கள். ரயில் நேரம் வரை பூங்காவில் உட்கார்ந்திருந்தார். உயர்ந்த படிப்பு இருந்தும் ஒரு கட்டில் கிடைக்கவில்லை.

மும்பை சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பதேனா கொடுத்த 5,000 ரூபாய் கடன் ஆகியவற்றோடு 1920இல் மீண்டும் லண்டன் போனார். விடுதியில் காலைச் சாப்பாடு சொற்பம். பகல் முழுதும் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில். இரவில் பசித்தால் ஊரிலிருந்து வந்த அப்பளம்தான் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அழகாக விரித்த படுக்கை இந்தப் பசியைக் காட்டாது. மாணவர்கள் அங்கே புத்தகங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுக்கு 1923இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டே பாரிஸ்டர் ஆகிவிட்டார்.

நினைவகத்துக்கும் சிக்கல் வந்தது. குடியிருப்பு வீட்டை அருங்காட்சியகமாக்கியது விதிமீறல் என்று 2018இல் உள்ளாட்சி மன்றம் அனுமதி மறுத்தது. இது சாதிப் பிரச்சினை அல்ல, கட்டட விதி. ஆனாலும் பரோடா கதை தெரிந்தவர்களுக்கு நெஞ்சில் சுருக்கென்றிருக்கும். 2020இல் பிரிட்டன் அரசு அனுமதி தந்தது.

ஊர் திரும்பியும் பல ஆண்டுகள் பரேல் குடியிருப்பில் இரண்டு சிறு அறைகளில்தான் வாழ்ந்தார். பிறகு 1930களின் தொடக்கத்தில் மும்பை தாதரில் ராஜகிருகம் கட்டினார். ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்ட புத்தகங்களுக்கு இடம் வேண்டியிருந்தது.