பாயிரத்தை மாற்றி எழுதியவர்

நூலுக்குப் பாயிரம் எப்படியோ, திரைப்படத்துக்கு டைட்டில் அப்படி. விளக்குகள் அணைந்ததும் ஜெமினியின் இரட்டைக் குழந்தைகள் ஊதுகுழல் ஊதுவார்கள். அல்லது வேறொரு நிறுவனத்தின் சின்னம் தோன்றும். பின்னர் வரவிருக்கும் பாடல்களின் மெட்டுகள் ஒலிக்க, பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். புராணமா, குடும்பக் கதையா, சிரிப்பா, அழுகையா என்பதை அந்தச் சில நிமிடங்களிலேயே பார்ப்பவர் மனம் தீர்மானித்துவிடும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் மணல் தரையில் அமர்ந்து படம் பார்த்து வளர்ந்த மூத்தோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாயிரத்தையே மாற்றி எழுதத் துணிந்த எஸ். பாலசந்தரைக் கவிஞர்கள் கூடும் நம் வட்டத்தின் பத்தாண்டு மலரில் நினைவுகூர்வது பொருத்தமே.

1927 ஜனவரி 18 அன்று சென்னையில் பிறந்தவர் பாலசந்தர். கலை அவருக்குக் குடும்பச் சொத்து. 1934இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் அண்ணன் ராஜம் இராமனாகவும், தமக்கை ஜெயலட்சுமி சீதையாகவும், தந்தை சுந்தரம் அய்யர் சனகனாகவும் நடித்தனர். ஏழு வயதுச் சிறுவனான பாலசந்தர் இராவணன் சபையில் கஞ்சிரா வாசித்தார். 1948இல் ‘என் கணவர்’ படத்தை இயக்கியபோது அவருக்கு வயது 21. நடிப்பு, இயக்கம், இசையமைப்பு என மூன்று துறைகளிலும் இயங்கிய அவர், வீணையைக் குருவென எவரையும் கொள்ளாமல் தாமே கற்றுத் தேர்ந்தார்.

1954 ஏப்ரல் 13 அன்று ஏவி.எம். நிறுவனத்தின் ‘அந்த நாள்’ வெளிவந்தது. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாள்களே கதையின் களம். படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் ஏற்ற நாயகன் ராஜன் இறந்து விழுகிறான். அவனைக் கொன்றவர் யார் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் பார்வையில் கூறுகின்றனர். குரோசாவாவின் ‘ராஷோமோன்’ தந்த தூண்டுதலும், ஜாவர் சீதாராமனின் எழுத்தும் படத்துக்குத் துணை நின்றன. பாடல் இல்லை, நடனமும் இல்லை. இசை வல்லவர் ஒருவரே பாட்டை விலக்கினார் என்பதுதான் வியப்பு.

ஆனால் சிவாஜி என்ற பெயரைக் கண்டு வந்தவர், நல்ல பாடல்களையும் இறுதிவரை வாழும் நாயகனையும் எதிர்பார்த்தே வந்திருந்தார். எதிர்பார்ப்பு என்பது திரையில் தோன்றும் எழுத்துகளில் மட்டும் இல்லை. அரங்கினுள் நுழையும் முன்னரே பார்ப்பவர் நெஞ்சில் அது எழுதப்பட்டிருக்கிறது. அதனை அழித்து எழுதியதற்குப் பாலசந்தர் விலை கொடுத்தார். முதல் வெளியீட்டில் பெரும் வசூல் கிட்டவில்லை; தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் மட்டும் கிடைத்தது. படத்தின் பெருமையை அடுத்தடுத்த தலைமுறைகளே உணர்ந்தன.

அவர் தளர்ந்துவிடவில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கிய 1964ஆம் ஆண்டிலேயே அவருடைய ‘பொம்மை’ வெளிவந்தது. இம்முறை வேறு வழியில் சென்றார். பொம்மைக்குள் வெடிகுண்டு இருப்பதை முதலிலேயே பார்ப்பவரிடம் சொல்லிவிட்டார். அது கைமாறும் ஒவ்வொரு முறையும் அரங்கமே நடுங்கியது. பாடல்களுக்கும் இடம் தந்தார், கே.ஜே. யேசுதாஸ் தமிழ்த் திரையில் பாடிய முதற்பாடல் இப்படத்தில்தான் ஒலித்தது. படம் முடிந்ததும் தாமே திரையில் தோன்றி, நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் அறிமுகம் செய்தார். முன்னே நின்று வாக்குறுதி தரும் பெயர்கள், அங்கே பின்னே நின்று நன்றி பெற்றன.

1970இல் ‘நடு இரவில்’ வந்தபின் அவர் வாழ்வு முழுவதும் வீணைக்கே உரியதாயிற்று. கீர்த்தனைக்கு முன் வரும் ஆலாபனையும் ஒரு பாயிரம்தானே! சொல் பிறக்கும் முன்னரே கேட்பவரை இராகத்தின் உணர்வுக்குள் அது அழைத்துச் செல்கிறது. 1982இல் பத்மபூஷண் விருது அவரை அடைந்தது.

கவிதையின் முதலடியை எழுதும்போது நாமும் இதே வினாவின் முன் நிற்கிறோம். கேட்பவர் விரும்புவதைக் கொண்டு தொடங்குவதா, நமக்குத் தோன்றியதைக் கொண்டு தொடங்குவதா? பாலசந்தர் ஒருமுறை பின்னதைத் தேர்ந்து இழப்பைத் தாங்கினார். மறுமுறை இரண்டையும் இணைக்க முயன்றார். இருமுறையும் அவர் தொடக்கத்தைப் பழக்கத்திடம் ஒப்படைக்கவில்லை.

கச்சேரிப் பயணமாகச் சென்ற பிலாய் நகரில் 1990 ஏப்ரல் 13 அன்று அவர் மறைந்தார். 36 ஆண்டுகளுக்கு முன் ‘அந்த நாள்’ திரைக்கு வந்ததும் ஏப்ரல் 13 அன்றுதான்.