முதலில் ஸ்டார்ட் ஆகாத இன்ஜின்: ருடால்ப் டீசல் வாழ்க்கை



டீசல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பஸ், லாரி, டிராக்டர், தண்ணி இறைக்கிற மோட்டார். ஆனால் டீசல் என்பது முதலில் ஒரு மனிதரின் பெயர். அந்த மனிதரின் கதையைத்தான் இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன்.

ருடால்ப் டீசல் 1858 மார்ச் 18-ல் பாரிஸ் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மன்காரர்கள். அப்பா தோல் வேலையும் புத்தக பைண்டிங்கும் செய்தவர். வசதி கிடையாது. 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் வந்தது. பாரிஸை விட்டுக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கேயும் கஷ்டம்தான். அதனால் 12 வயதுப் பையனைத் தனியாக ஜெர்மனிக்கு, ஆக்ஸ்பர்க் என்ற ஊரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த உறவினர் கணக்கு வாத்தியார். அது ருடால்ப்புக்கு நல்லதாகப் போயிற்று.

14 வயதில், தான் இன்ஜினியர் ஆகப் போவதாக அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். 14 வயது என்றால் நம்ம ஒன்பதாம் வகுப்பு வயசு! சொன்னதோடு நிற்கவில்லை. பள்ளியில் முதல் மாணவராக வந்து, உதவித்தொகை வாங்கி, மியூனிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். 1879-ல் கடைசித் தேர்வு நேரத்தில் டைபாய்டு வந்து படுத்துவிட்டார். காத்திருந்து 1880 ஜனவரியில் தேர்வு எழுதி மிகச் சிறப்பாகத் தேறினார்.

அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர் கார்ல் வான் லிண்டே. குளிர்பதன இயந்திரம் செய்து பேர் வாங்கியவர். நீராவி இன்ஜின் எவ்வளவு வீணடிக்கிறது என்று அவர் வகுப்பில் விளக்கினார். 100 மூட்டை நிலக்கரி எரித்தால் 10 மூட்டைக்கான வேலை கிடைப்பதே பெரிசு. மீதி எல்லாம் சூடாக வெளியே போய்விடும். இதை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் ருடால்ப் மனசில் ஒட்டிக்கொண்டது.

அவருடைய யோசனை என்ன? சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடு ஏறும். ரொம்ப ரொம்ப அமுக்கினால், அதில் எண்ணெயைப் பீய்ச்சியதும் தானாகத் தீப்பிடிக்கும். பெட்ரோல் இன்ஜின் மாதிரி தீப்பொறி தேவையில்லை. இந்த யோசனைக்கு 1892-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை அவருக்கு இடம் கொடுத்தது.

1893 ஆகஸ்ட் 10. முதல் சோதனை. தொழிற்சாலை பெல்ட்டை மாட்டி இன்ஜினைச் சுற்றினார்கள். எரிபொருள் உள்ளே போனதும் படார் என்று வெடித்து, அழுத்தம் அளக்கும் கருவி சிதறிப் பறந்தது. உயிர் தப்பியதே பெரும்பாடு. இன்ஜின் சொந்தமாக ஓடவில்லை. ஆனால் டீசல் சோர்ந்து போகவில்லை. சூட்டுக் காற்றில் தீப்பிடிக்கிறது என்பது நிரூபணம் ஆகிவிட்டதே! இனி எங்கே கோளாறு என்று தேட வேண்டியதுதான். பிஸ்டன் ஓரமாகக் காற்று கசிந்ததால் நினைத்த அழுத்தம் வரவில்லை. எண்ணெயும் சரியான அளவில் உள்ளே போகவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினார்.

1894 பிப்ரவரி 17-ல் இன்ஜின் ஒரு நிமிடம் தானாக ஓடியது. பெல்ட் இன்ஜினை இழுக்காமல் இன்ஜின் பெல்ட்டை இழுப்பதைப் பார்த்த ஒரு தொழிலாளி, பேசாமல் தன் தொப்பியைக் கழற்றினாராம். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகும் மூன்று வருடம் உழைக்க வேண்டியிருந்தது. 1897-ல் நடந்த சோதனையில் எரிபொருளில் 100-க்கு 26 பங்கு வேலையாக மாறியது. உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்போது அந்த இன்ஜின் ஆள் உயரத்துக்கும் மேலே இருந்தது. காரில் வைக்க முடியாது. 1927-ல் பாஷ் கம்பெனியின் எண்ணெய் பீய்ச்சும் சின்ன பம்ப் விற்பனைக்கு வந்த பிறகுதான் வழி பிறந்தது. 1936-ல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் வந்தது.

டீசல் தேடிய அதே கோளாறுகளைத்தான் இன்றும் மெக்கானிக்குகள் பழைய டீசல் காரில் தேடுகிறார்கள்.

பழைய டீசல் கார் ஸ்டார்ட் ஆகலையா? இப்படிப் பார்க்கணும்:

1. இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறதா? பேட்டரி வீக் ஆனால் மெதுவாகச் சுற்றும். மெதுவாக அமுக்கினால் காற்று சூடாகாது. முதலில் பேட்டரியும் அதன் வயர் முனைகளும்தான்.

2. சுற்றும்போது சைலன்சரில் புகையே வரவில்லையா? டீசல் உள்ளே போகவில்லை. டேங்க், பில்டர், டீசலை நிறுத்தும் வால்வு இவற்றைப் பார்க்கணும். குழாயில் காற்று பிடித்திருந்தால் கைப்பம்பை அடித்து ஏர் எடுக்கணும். ராத்திரி நிறுத்தி வைத்தால் தினமும் இப்படி ஆகிறது என்றால் குழாயில் எங்கேயோ கசிவு இருக்கும்.

3. வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. காலைக் குளிரில் இன்ஜின் இரும்பு சூட்டை உறிஞ்சிவிடும். அதற்காகத்தான் பழைய டீசல் அம்பாசிடர் போன்ற கார்களில் ஹீட்டர் பிளக் இருக்கும். சாவியைத் திருப்பிக் கொஞ்ச நேரம் அது சூடான பிறகுதான் ஸ்டார்ட் செய்யணும். ஹீட்டர் நன்றாக இருந்தும் இப்படியே என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம்.

காரணம் தெரியாமல் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் காலியாகும்.

இப்போது சோகமான பகுதி. டீசலுக்குப் பணமும் பேரும் வந்தன. ஆனால் காப்புரிமை வழக்குகளும் நிலத்தில் போட்ட பணத்தின் நஷ்டமும் சேர்ந்து கடனில் மூழ்கிவிட்டார். உடம்பும் கெட்டது. 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குக் கிளம்பினார். இரவுச் சாப்பாடு முடித்து, காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அவர் அங்கே இல்லை. சில நாள் கழித்துக் கடலில் கிடைத்த பொருள்களை வைத்து அவர் மகன் அடையாளம் காட்டினார். எப்படி இறந்தார் என்பதற்கு இன்று வரை உறுதியான முடிவு இல்லை. வயது 55 தான். தன் இன்ஜின் காரில் ஓடுவதை அவர் பார்க்கவே இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இன்ஜினில் கோளாறு என்றால் எல்லாரையும் கூட வைத்துக்கொண்டு பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தவர் அவர். ஆனால் பணக் கஷ்டத்தை வீட்டிலேயே மறைத்து வைத்திருந்தார். அதைத் திறந்து காட்டியிருந்தால் யாராவது கை கொடுத்திருப்பார்கள்.

தோழர்களே தோழிகளே, நமக்கும் ஸ்டார்ட் ஆகாத நாள் வரும். மார்க் குறையலாம், வீட்டில் கடன் இருக்கலாம், மேலே படிக்க வைக்க மாட்டோம் என்று சொல்லலாம். முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், மனசுக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். நம்ம டீச்சர்கிட்டயோ தோழிகிட்டயோ சொல்லுங்கள். எங்கே கோளாறு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.



– 9-ஆம் வகுப்பு மாணவி